ஒரு ஹை ஸ்ட்ரீட்டின் பழைய கடைகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

பிரிட்டனில் நீங்கள் வசிக்கும் புறநகரின் ஹை ஸ்ட்ரீட், அதாவது முக்கியக் கடைத்தெரு, முன்பு எப்படி இருந்தது என்று தேட ஆசையா? எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று முதலில் மாடியைப் பாருங்கள். கீழே பெயர்ப்பலகையும் கண்ணாடியும் கடை கைமாறும்போதெல்லாம் மாறிவிடும். மாடிக்கு யாரும் அவ்வளவாகச் செலவு செய்வதில்லை, அதனால் பழைய செங்கல், ஜன்னல், சில இடங்களில் கட்டிய ஆண்டு, சுவரில் மங்கிப்போன விளம்பரம் எல்லாம் அங்கேதான் மிஞ்சியிருக்கும்.

ஒற்றைத் தளக் கடை முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, அதற்குப் பின்னால் மாடி வீடு தள்ளி நிற்கிறதா? பெரும்பாலும் அது வீட்டின் முன்தோட்டத்தில் பிறகு கட்டிய கடை. லண்டன் புறநகர்களில் இது நிறைய உண்டு, எனக்கு மிகப் பிடித்த தடயமும் இதுதான். அப்புறம் வாசல் தரையைக் கவனியுங்கள், பழைய கடையின் பெயர் மொசைக்கில் பதிந்திருக்கலாம். 1930களின் ஆர்ட் டெகோ கட்டடம் என்றால் அடிக்கல்லையும் தேடுங்கள், ஆண்கள் உடை விற்ற பர்ட்டன் கடைகள் பலவற்றில் அந்தக் குடும்பத்தாரின் பெயரே செதுக்கப்பட்டிருக்கும், மாடியில் பில்லியர்ட்ஸ் கூடமும் இருந்திருக்கும்.

சரி, இனி காகிதம். உள்ளூர் நூலகத்தில் கெல்லிஸ் டைரக்டரி கேளுங்கள். தெருவாரியாக, கதவு எண்ணோடு, யார் என்ன வியாபாரம் செய்தார்கள் என்று அதில் இருக்கும். பத்தாண்டுக்கு ஒன்றாக எடுத்து, பின்னோக்கிப் போங்கள். கதவு எண்களை மட்டும் அப்படியே நம்பாதீர்கள், பல தெருக்களில் எண்களை மாற்றியிருக்கிறார்கள், ஆகவே இடம் மாறாத மூலை பப், தேவாலயம் மாதிரி ஒன்றிலிருந்து எண்ணி, ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகத் தரும் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனம்) வரைபடத்தோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

மளிகைக் கடைகள் எப்போது மறைகின்றன என்று பார்த்தால் காரணமும் பிடிபடும். 1950இல் மளிகைக் கடை நிறுவனமான சைன்ஸ்பரிஸ், வாடிக்கையாளர் தாமே பொருளை எடுத்துக்கொள்ளும் தன் முதல் சுயசேவைக் கடையைத் தெற்கு லண்டனின் குரோய்டனில் திறந்தது. 1964இல் வந்த சட்டம், உற்பத்தியாளர் சில்லறை விலையைக் கட்டிவைக்கும் வழக்கத்தைப் பெரும்பாலும் ஒழித்தது. அதன் பிறகு விலையைக் குறைத்து விற்ற சூப்பர்மார்க்கெட்டுகளோடு சின்னக் கடைகள் போட்டி போட முடியவில்லை.

இன்றைய மாற்றங்களையும் நீங்களே பதிவு செய்வது நல்லது. இங்கிலாந்தில் 2020 செப்டம்பரிலிருந்து கடை, கஃபே, ஜிம், கிளினிக் எல்லாம் கட்டடப் பயன்பாட்டு விதிகளில் ‘கிளாஸ் ஈ’ என்ற ஒரே வகை. ஒன்று இன்னொன்றாக மாறத் திட்ட அனுமதி வேண்டியதில்லை என்பதால் அந்த மாற்றம் கவுன்சில் பதிவில் வராமலே போகலாம். அதனால் வருடத்துக்கு ஒருமுறை தெருவின் இரு பக்கத்தையும் கடை கடையாகப் படமெடுத்து, தேதியும் கதவு எண்ணும் எழுதி, ஒரு பிரதியை அந்த நூலகத்திடமே கொடுத்துவிடுங்கள்.