வெளிநாட்டு விடுமுறைக்கு டிக்கெட் எப்போது எடுப்பது: திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

புதுச்சேரியில் விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் தொழில். பிப்ரவரி, மார்ச் வந்தால் போதும், முதல்முறை குடும்பத்தோடு வெளிநாடு கிளம்புகிறவர்கள் கடைக்கு வரத் தொடங்குவார்கள். முகங்கள் புதிது, தவறுகள் பழையவை. பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் இருக்கிறதா, ஆறு மாதம் செல்லுபடி இருக்கிறதா என்பதெல்லாம் ஊரே சொல்லும், அதை விட்டுவிடுகிறேன். எப்போது வாங்குவது என்பதில்தான் பெரிய பணம் போகிறது.

போகும் டிக்கெட்டை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்புவதைத் தள்ளிப்போடுவது

எத்தனை பேரிடம் சொன்னாலும் இது நிற்கவில்லை. இன்றும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

முத்தியால்பேட்டையிலிருந்து ஒருவர் வந்தார். மனைவி, இரண்டு பிள்ளைகள். மச்சான் பாரிசுக்குப் பக்கத்தில் சார்செல்லில் இருக்கிறார். மே கடைசியில் போய் ஜூலை முதல் வாரம் திரும்புவதாகத் திட்டம். விசாவுக்காகப் போக வர நான்கு பேருக்கும் ரிசர்வேஷன் (பணம் கட்டாமல் இடம் மட்டும் பிடித்து வைப்பது) போட்டுக் கொடுத்தேன். விசா வந்தது. உடனே பணம் கட்டி டிக்கெட்டாக மாற்றுங்கள் என்றேன். அவர் அதற்குள் இணையத்தில் ஒருவழி டிக்கெட் ஒன்றைச் சலுகை விலையில் பார்த்திருந்தார். "போறத இப்ப எடுத்துக்கறேன்ணே. வர்றது மச்சான் லீவப் பாத்துட்டுப் போட்டுக்கலாம். கோலாலம்பூர் போனப்ப அப்படித்தானே செஞ்சேன்?"

கோலாலம்பூருக்கு அது சரி. திருச்சியிலிருந்து ஏர் ஏசியா, ஸ்கூட் மாதிரி குறைந்த கட்டண விமானங்களில் போவதற்கும் வருவதற்கும் தனித்தனி விலை, இரண்டையும் கூட்டினால் மொத்தம். தோஹா, துபாய் வழியாக ஐரோப்பா போகும் பெரிய நிறுவனங்களின் கணக்கு வேறு. அங்கே போக வரச் சேர்த்து வாங்கினால் ஒரு விலை. ஒருவழியாக வாங்கினால் பல நேரம் அந்த மொத்த விலையை நெருங்கிவிடும். போகும்போது கிடைத்த சலுகை, வரும்போதும் கிடைக்கும் என்று எண்ணக் கூடாது.

அதைவிடப் பெரிய விஷயம், ஜூலை முதல் வாரம் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது. பிரான்சில் ஜூலை தொடக்கத்தில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விடுகிறார்கள், செப்டம்பர் தொடக்கத்தில் திறக்கிறார்கள். அங்கே இருக்கும் நம்மூர்க்காரர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புதுச்சேரிக்குக் கிளம்புவது அந்த வாரத்தில்தான். வீராம்பட்டினம் தேரைப் பார்த்துவிட்டு, ஆவணி முகூர்த்தத்தில் ஒரு கல்யாணத்தையும் முடித்துவிட்டு, ஆகஸ்ட் கடைசியில் திரும்புவார்கள். ஆக, ஜூலை தொடக்கத்தில் பாரிஸ்–சென்னை நெரியும், ஆகஸ்ட் கடைசியில் சென்னை–பாரிஸ் நெரியும். நம் மனிதர் திரும்பி வர நினைத்த வாரம், அவருடைய மச்சானின் அக்கம்பக்கமெல்லாம் இங்கே வரக் கிளம்பும் வாரம். அந்தச் சீட்டுகளை அவர்கள் குளிர்காலத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

ஜூன் நடுவில் அங்கிருந்து போன் வந்தது. திரும்பும் டிக்கெட் மட்டும், போன விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். "கொஞ்ச நாள் தள்ளிப் பாருங்கண்ணே" என்றார். எங்கே தள்ளுவது? விசாவில் இறுதித் தேதி அச்சாகியிருக்கிறது. முன்னால் இழுத்துப் பார்த்தால் அங்கும் பெரிதாகக் குறையவில்லை. கட்டினார். முதலில் போட்டு வைத்திருந்த போக வர டிக்கெட்டை அன்றே வாங்கியிருந்தால், இந்தத் திரும்பும் டிக்கெட்டுக்குக் கட்டிய பணத்தில் பெரும்பகுதி கையில் நின்றிருக்கும்.

சிங்கப்பூரிலும் இதே கதைதான், மாதம் மட்டும் வேறு. அங்கே மே கடைசியிலிருந்து ஜூன் கடைசி வரை பள்ளி விடுமுறை. நம் ஆட்கள் மே நடுவில் போய், ஜூன் தொடக்கத்தில் இங்கே பள்ளி திறக்குமுன் திரும்பப் பார்க்கிறார்கள். அதே நாட்களில் சிங்கப்பூர்த் தமிழர்கள் திருச்சி விமானத்தில் ஏறுகிறார்கள்.

அதனால் தேதி குறிக்கும்போது திரும்பும் நாளை முதலில் பாருங்கள். அந்த நாளில் அந்த ஊர்க்காரர்கள் இந்தப் பக்கம் வருவார்களா என்று அங்கே இருக்கும் உறவினரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வருவார்கள் என்றால் ஐந்தாறு மாதம் முன்பே, போக வரச் சேர்த்து வாங்கிவிடுங்கள். ஏப்ரல் கடைசியில் போய் ஜூன் தொடக்கத்தில் பாரிசிலிருந்து திரும்புகிறவருக்கு அவ்வளவு அவசரம் இல்லை. மூன்று மாதம் முன்பு எடுத்தாலும் நியாயமான விலை கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசி நேரத்தில் குறையும் என்று காத்திருப்பது

பள்ளி விடுமுறைக் காலத்தில் குறையாது. ஒரே விமானத்தின் சாதாரண வகுப்புச் சீட்டுகளையே பல விலை அடுக்குகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள், கீழ் அடுக்கு முதலில் தீரும்.

ஒருவர் விலையை நான்கால் பெருக்குவது

இந்த அடுக்கு விஷயம் தெரியாததால் வருவது இது. ஒருவருக்குத் தேடினால் ஒரு விலை காட்டும், நான்கு பேருக்குத் தேடினால் தலைக்கு ஏறிவிடும். கீழ் அடுக்கில் இரண்டு சீட்டுதான் மிச்சம் என்றால், பெரும்பாலும் நான்கு பேருக்கும் சேர்த்து மேல் அடுக்கு விலையைத்தான் காட்டுவார்கள். அப்படித் தெரிந்தால் இரண்டிரண்டாகப் பிரித்து வாங்கலாம். ஆனால் பிள்ளைகளை ஒரு பெரியவரோடு ஒரே டிக்கெட்டில் வையுங்கள். விமானம் ரத்தானால் இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாகத்தான் மாற்றிக் கொடுப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

செவ்வாய்க்கிழமை இரவு வாங்குவது

செவ்வாய் இரவு வாங்கினால் விலை குறையும் என்று ஒரு பேச்சு உண்டு. வாங்கும் கிழமையை விடுங்கள். பயணம் போகும் கிழமையை மாற்றிப் பாருங்கள்.

விசா வருமுன் பணம் திரும்பாத டிக்கெட்

நம் ஊரில் ஒரே வீட்டில் மாமனாருக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட், மருமகளுக்கு இந்திய பாஸ்போர்ட் இருக்கும். மாமனாருக்கு விசா வேண்டாம் என்ற தைரியத்தில் எல்லோருக்கும் மலிவு டிக்கெட்டை முடித்துவிடுவார்கள். மருமகள் விசா தள்ளிப்போனால் குடும்பமே தேதி மாற்ற வேண்டும். பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு பயணத்துக்கு 15 நாள் முன்பு என்பதால் அதுவரை பொறுப்பவர்கள்தான் அதிகம். பயணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். விண்ணப்பத்துக்கு ரிசர்வேஷன் போதும். நெரிசல் தேதி, விசாவுக்குக் காத்திருக்க முடியாது என்றால், தேதி மாற்றக் கட்டணம் குறைவாக உள்ள டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும்.

சென்னையை மட்டும் பார்ப்பது

கடலூர், நெய்வேலிப் பக்கம் இருப்பவர்கள் சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ போவதானால் திருச்சி விலையையும் பாருங்கள். சென்னைக்கும் திருச்சிக்கும் ஆகும் கார் வாடகையைச் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு எடுங்கள்.