இலையுதிர்காலத்து அணில் வேட்டை: புதிதாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவின் தெற்கு ஒஹாயோ குன்றுகளில், அணில்கள் விரும்பித் தின்னும் ஹிக்கரி மரத்தின் கொட்டைக் காய்கள் முற்றத் தொடங்கிவிடும். அணில் வேட்டைக்குக் காத்திருப்பவர்கள் அந்த நாட்களில் காலண்டரை விட ஹிக்கரி மரங்களைத்தான் அதிகம் பார்ப்பார்கள். அந்த மாநிலத்தில் செப்டம்பர் 1-ம் தேதி வேட்டைப் பருவம் தொடங்கி ஜனவரி 31 வரை நீள்கிறது. மான் வேட்டைக்கு வேண்டிய பரண், நீண்ட ஏற்பாடு, பெரிய செலவு எதுவும் இதற்குத் தேவையில்லை. அதனாலேயே அந்த நாட்டில் எத்தனையோ பேருக்குக் காட்டின் முதல் பாடம் அணிலிடம்தான் தொடங்குகிறது. அதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது என்பது என் எண்ணம்.

ஆனால் சுலபம் என்ற பேச்சை நம்பிப் போகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். காட்டுக்குள் நுழைந்ததும் அணிலைத் தேடுகிறார்கள், மரத்தைப் பார்ப்பதில்லை. மற்றப் பல தவறுகளுக்கும் இதுதான் ஆரம்பம்.

மரம் தெரியாமல் போவது

கிழக்கு அமெரிக்கக் காடுகளில் வேட்டையாடப்படுபவை முக்கியமாக இரண்டு வகை. சாம்பல் அணில் அரைக் கிலோ அளவில் இருக்கும். நரி அணில் இன்னும் பெரியது, சில ஒரு கிலோவைத் தொடும். நம் ஊர் முதுகுக்கோட்டு அணிலை மனதில் வைத்துக்கொண்டு போனால் முதல் பார்வையிலேயே ஆச்சரியமாக இருக்கும். சாம்பல் அணிலுக்கு அடர்ந்த காடு பிடிக்கும். நரி அணிலை மக்காச்சோள வயலை ஒட்டிய தோப்புகளிலும் மரங்கள் விலகி நிற்கும் இடங்களிலும் பார்க்கலாம். இரண்டுமே இலையுதிர்காலத்தில் கொட்டை இருக்கும் இடத்தில்தான் இருக்கும்.

செப்டம்பர் முதல் வாரங்களில் அந்த இடம் ஹிக்கரி. அதிலும் ஷாக்பார்க் ஹிக்கரியை எவரும் அடையாளம் காணலாம்: மரப்பட்டை நீள நீளமான கீற்றுகளாக உரிந்து தொங்கும். அணில்கள் உச்சியில் உட்கார்ந்து காயைக் கொறிக்கும்போது தோல் துணுக்குகள் இலைகள் மேல் தூறல் விழுவது போன்ற ஓசையோடு உதிரும். பழகியவர்கள் அணிலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் இந்த ஓசையைத்தான் தேடுவார்கள். மரத்தடியில் கிடக்கும் துணுக்குகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்பக்கம் வெளிறி ஈரமாக இருந்தால் அணில் இன்றைக்கோ நேற்றோ வந்திருக்கிறது. பழுப்பேறிக் காய்ந்திருந்தால் விருந்து முடிந்துவிட்டது, அடுத்த மரத்துக்கு நடக்க வேண்டியதுதான்.

செப்டம்பர் கடைசியில் ஹிக்கரி தீர்ந்ததும் ஓக் மரங்களின் முறை. இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள், எல்லா ஓக் மரத்தையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். இலையைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். வெள்ளை ஓக் வகைகளில் பெரும்பாலானவற்றின் இலை மடல்கள் உருண்டையாக முடியும். சிவப்பு ஓக் வகைகளில் மடல் கூராகி நுனியில் மெல்லிய முள் நிற்கும். வெள்ளை ஓக் கொட்டை ஒரே பருவத்தில் முற்றும், துவர்ப்பு குறைவு, விழுந்த கொஞ்ச நாளிலேயே முளைக்கத் தொடங்கிவிடும். சிவப்பு ஓக் கொட்டை முற்ற இரண்டு பருவம் ஆகும், துவர்ப்பு அதிகம், வசந்தம் வரை முளைக்காது.

அணிலுக்கு இதெல்லாம் அத்துப்படி. சீக்கிரம் முளைத்துக் கெட்டுப்போகும் வெள்ளை ஓக் கொட்டையை உடனே தின்றுவிடும். தாங்கி நிற்கும் சிவப்பு ஓக் கொட்டையைக் குளிர்காலத்துக்காக ஒவ்வொன்றாகப் புதைக்கும். வெள்ளை ஓக் கொட்டையைப் புதைக்க நேர்ந்தால் சாம்பல் அணில் அதன் முளைக் கருவைப் பல்லால் கடித்து எடுத்துவிட்டுப் புதைப்பதும் உண்டு. ஒரு சிறு விலங்கு இவ்வளவு யோசனையோடு நடந்துகொள்வதைக் காட்டில் உட்கார்ந்து பார்ப்பதற்காகவே போகலாம் என்று தோன்றும்.

வேட்டைக்காரருக்கு இதில் நேரடியான பயன் உண்டு. அக்டோபர் தொடக்கத்தில் வெள்ளை ஓக் மரத்தின் உச்சியைக் கவனிக்க வேண்டும். மாதம் நகர நகர, சிவப்பு ஓக் நிற்கும் சரிவுகளில் தரையைக் கவனிக்க வேண்டும், அணில் அப்போது சருகுக்குள் ஓடியாடிப் புதைத்துக்கொண்டிருக்கும்.

சில வருடங்களில் வசந்தத்தின் பிற்பகுதியில் விழும் உறைபனி ஓக் பூக்களைக் கருக்கிவிடும். அந்த வருடம் அந்த மேட்டில் வெள்ளை ஓக் கொட்டை இருக்காது, சிவப்பு ஓக் கொட்டை அடுத்த வருடம் இருக்காது. போன வருடம் நன்றாக இருந்த இடம் என்று அதே மரத்தடியில் போய் உட்காருவது வீண். பருவம் திறப்பதற்கு முன்பே ஒரு பைனாகுலரோடு போய் மரங்களின் உச்சியைப் பார்த்துவிட்டு வாருங்கள். எது காய்த்திருக்கிறது, எது மலடாக நிற்கிறது என்று தெரிந்துவிடும். காத்திருக்கும் நாட்களில் செய்யக்கூடிய மிக நல்ல வேலை இதுதான்.

ஓயாமல் நடப்பது

மரம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியைப் பலரும் கால்களால் கெடுத்துக்கொள்கிறார்கள். காய்ந்த சருகின் மேல் மனிதன் சீராக எடுத்து வைக்கும் அடி காட்டில் வேறு எந்த விலங்கின் அடியையும் போல இருக்காது. ஒரு அணில் எச்சரிக்கைக் குரல் கொடுத்தால் சுற்றுவட்டாரம் முழுக்க அடங்கிவிடும்.

சூரியன் எழுவதற்கு முன்பே போய் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவது நல்லது. விடிந்த பிறகு முதல் இரண்டு மணி நேரமும் மாலையில் கடைசி இரண்டு மணி நேரமும்தான் அணில்களின் நடமாட்டம் அதிகம். நீங்கள் உள்ளே வந்த சலசலப்பு மறக்க இருபது நிமிடமாவது ஆகும். இடம் மாற வேண்டுமென்றால் நாலு அடி, நிறுத்தம், சுற்றிலும் ஒரு பார்வை, அப்புறம் இன்னும் நாலு அடி. முதல்நாள் மழை பெய்து சருகு நனைந்திருந்தால் நடக்க அதைவிட நல்ல நாள் கிடையாது. பலத்த காற்றடிக்கும் நாளில் வீட்டிலேயே இருக்கலாம். எல்லாக் கிளையும் ஆடும்போது அணிலின் அசைவை நம்மால் பிரித்தறிய முடியாது, அணிலும் வெளியே வரத் தயங்கும்.

சுட்டதும் எழுந்து ஓடுவது இன்னொரு பழக்கம். அணில் விழுந்த இடத்தை ஏதாவது ஒரு செடியை வைத்து மனதில் குறித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருங்கள். அசைவில்லாமல் இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மற்ற அணில்கள் மறுபடி தலைகாட்டும். அடிபட்ட அணில் உயிரோடு நகர்கிறது என்றால் மட்டும் காத்திருக்கக் கூடாது, உடனே போய் முடித்துவிட வேண்டும்.

அணில் தண்டின் மறுபக்கம் போய் ஒட்டிக்கொண்டால் நாமும் சுற்றி ஓடுவதில் பலன் இல்லை, அதுவும் சேர்ந்து சுற்றும். இரண்டு பேர் போனால் ஒருவர் அசையாமல் இருக்க மற்றவர் மெதுவாக மறுபக்கம் நடக்கலாம். தனியாக இருந்தால் ஒரு குச்சியை மறுபக்கம் எறிந்தாலே போதும், அணில் நம் பக்கம் வந்துவிடும்.

பின்னால் என்ன இருக்கிறது என்று பாராமல் சுடுவது

இதுவரை சொன்ன தவறுகளில் அணில்தான் தப்பிக்கும். இந்தத் தவறில் மனித உயிர் போகலாம்.

அணில் வேட்டைக்கு .22 ரைஃபிள் பலருக்கும் பிடித்தது. ஓசை குறைவு, தோட்டா சிறியது. அந்தச் சின்னத் தோட்டா மேல்நோக்கிய கோணத்தில் போனால் ஒரு மைலுக்கு மேல் பறக்கும், தோட்டாப் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். உச்சிக் கிளையில் வானத்தைப் பின்னணியாக வைத்து உட்கார்ந்திருக்கும் அணிலை ரைஃபிளால் சுடுவது, எங்கே விழும் என்று தெரியாமல் தோட்டாவை ஊர்ப்பக்கம் அனுப்புவதுதான். தடித்த தண்டோ பெரிய கிளையோ பின்னால் வரும்வரை பொறுத்திருங்கள். வரவில்லையா, சுட வேண்டாம்.

இலை அடர்ந்திருக்கும் செப்டம்பரில், சிறு ரவைகளைச் சிதறவிடும் ஷாட்கன் வசதி. 6-ம் எண் ரவை, முப்பது கெஜத்துக்குள் என்று வைத்துக்கொண்டால் அணில் அடிபட்டு ஓடித் தவிக்காது. இலை உதிர்ந்து காடு திறந்துகொள்ளும் நவம்பரில் ரைஃபிளுக்கு வேலை வரும். அணிலின் தலை மிகச் சிறிய இலக்கு. பருவத்துக்கு முன் காகித இலக்கில் இருபத்தைந்து கெஜத்தில் சுட்டுப் பார்த்து, துப்பாக்கியின் குறியைச் சரிசெய்யாமல் காட்டுக்குப் போவது அந்த விலங்குக்குச் செய்யும் கொடுமை.

இலை அசைந்தது, வால் போலத் தெரிந்தது என்று சுடவே கூடாது. செப்டம்பர் கடைசியிலிருந்து அதே ஒஹாயோக் காட்டில் வில்லோடு மானுக்குக் காத்திருப்பவர்கள் மரத்தின் மேல் இலைகளோடு ஒன்றிப்போகும் உடுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலுடுப்பு அணிவது ஒஹாயோவில் மான் துப்பாக்கிப் பருவத்தின்போது அணில் வேட்டைக்காரர்களுக்கும் கட்டாயம். பென்சில்வேனியாவில் தலை, மார்பு, முதுகில் சேர்த்து 250 சதுர அங்குல ஆரஞ்சு வேண்டும் என்று அளவே வைத்திருக்கிறார்கள். சட்டம் கேட்காத நாட்களிலும் போட்டுக்கொள்ளுங்கள். அசையாமல் இருந்தால் அணில் அந்த நிறத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது.

மரக்கிளையில் இலைகளால் கட்டிய கூட்டை நோக்கிச் சுடுகிறவர்களும் உண்டு. இதை ஏற்கவே முடியாது. சாம்பல் அணில் வருடத்தில் இரண்டு முறை குட்டி போடும், இரண்டாவது ஈற்று ஜூலை, ஆகஸ்டில். செப்டம்பரில் அந்தக் கூட்டுக்குள் இன்னும் பால்குடி மறக்காத குட்டிகள் இருக்கலாம்.

காகித வேலையில் கோட்டை விடுவது

ஒஹாயோவில் ஒருவர் ஒரு நாளைக்கு ஆறு அணில் எடுக்கலாம். மிசௌரியில் பத்து, மிச்சிகனில் ஐந்து. எண்ணும் தேதியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அந்தந்த வருடத்து விதிக் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். வேட்டை உரிமம் வாங்கப் பொதுவாக முதலில் பாதுகாப்புப் பயிற்சி முடிக்க வேண்டும். தனியார் நிலம் என்றால் ஒஹாயோவில் உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி தேவை, வாய்வார்த்தை போதாது. வெய்ன் தேசியக் காடு போன்ற பொது நிலங்களில் அந்தத் தொல்லை இல்லை. உரிமத்துக்குக் கொடுக்கும் பணம் வீணாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிள், ஷாட்கன், தோட்டா மீதான 11 சதவீத வரியும் மாநிலங்களின் காட்டுயிர்ப் பணிக்குத்தான் போகிறது.

அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடை செய்கிறது. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் அந்தத் தடைக்கான விதிவிலக்குகளில் ஒன்று. நண்பர்தானே, அவருடைய துப்பாக்கிதானே என்று உரிமம் இல்லாமல் கையில் வாங்குவதே பெரிய வழக்காகலாம், குடியுரிமைக் கனவையே கலைத்துவிடலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு அப்புறம் காட்டைப் பற்றி யோசிக்கலாம்.

ஊருக்கு வரும்போது இந்த ஆர்வத்தை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயத்தில் காக்கப்படும் சாம்பல் நிற மலையணில் வேறு இனம், சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது.

எடுத்த அணிலைக் கெடுப்பது

செப்டம்பர் வெயிலில் அணிலைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மதியம் வரை தூக்கிக்கொண்டு திரிந்தால் இறைச்சி கெட்டுவிடும். உடனே குடலை எடுத்துவிட்டு, காற்றுப் படும்படி வைத்து, ஐஸ் பெட்டிக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். கையுறை அவசியம், துலரீமியா என்ற தொற்று முயல், அணில் போன்றவற்றைச் சுத்தம் செய்யும்போது மனிதருக்கு வரக்கூடும். காட்டிலிருந்து வந்ததும் உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி அக்டோபர், நவம்பரிலும் சுறுசுறுப்பாக இருக்கும்.

அணில் ரோமம் இறைச்சியில் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு. தோலுரிக்கும் முன் உடம்பைத் தண்ணீரில் நன்றாக நனைத்துவிட்டால் ரோமம் பறக்காது. பருவத் தொடக்கத்தில் சில அணில்களின் தோலுக்கடியில் ஒரு வகை ஈயின் தடித்த புழு இருக்கும். பார்க்கவே அருவருப்பாக இருக்கும், நிறையப் பேர் அணிலையே தூக்கி எறிந்துவிடுகிறார்கள். தேவையில்லை. புழு தோலோடு நின்றுவிடும், இறைச்சியை அது கெடுப்பதில்லை. மனம் ஒப்பவில்லை என்றால் உறைபனி விழ ஆரம்பித்த பிறகு வேட்டைக்குப் போகலாம், அதற்குள் புழுக்கள் வெளியேறிவிட்டிருக்கும்.

மூளையை மட்டும் விட்டுவிடுங்கள். கென்டக்கியில் அணில் மூளை சாப்பிடும் பழக்கம் இருந்தவர்கள் சிலருக்கு வந்த மூளைச் சிதைவு நோயைப் பற்றி 1997-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். தொடர்பு நிரூபிக்கப்படவில்லை, ஆனாலும் அந்தச் சின்னத் துண்டுக்காகத் துணிய வேண்டியதில்லை.

சமையலில் நடக்கும் தவறு, எல்லா அணிலையும் ஒரே மாதிரி வறுப்பது. தோல் சுலபமாக உரிந்து வந்தால் இளசு, மாவில் புரட்டி வறுக்கலாம். இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தால் முதிர்ந்தது, அதை வறுத்தால் ரப்பர்தான். வர்ஜீனியாவின் பிரன்ஸ்விக் ஸ்டூ அந்தக் காலத்தில் அணிலைப் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவைத்த குழம்புதான். நம் வீட்டுக் குக்கர் அந்த வேலையைச் சீக்கிரம் முடித்துவிடும்: இஞ்சி, பூண்டு, மிளகு அரைத்துப் போட்டு, இறைச்சி எலும்பை விட்டு வரும்வரை வேகவையுங்கள். ஷாட்கன்னால் சுட்டதென்றால் அடுப்பில் ஏற்றும் முன் ஒவ்வொரு துண்டையும் விரலால் தடவிப் பாருங்கள். ரவை நுழைந்த துளையில் ரோமமும் சேர்ந்து போயிருக்கும், அந்த இடத்தைச் சுற்றி வெட்டி எறிந்துவிடுங்கள். குழந்தைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் இரண்டாவது முறையும் தடவிப் பார்ப்பது நல்லது.