பில்லர் ரிங் வளைக்கும் முறை: கவரை இரண்டு முறை கழியுங்கள்

எங்கள் வீட்டு வேலையில் மெயின் கம்பியை ஆட்களிடம் விட்டுவிட்டு, அதைச் சுற்றிக் கட்டும் ரிங்கை வளைப்பதை மட்டும் நானே எடுத்துக்கொண்டேன். 300×300 மி.மீ. பில்லர், மூலைக்கொன்றாக 16 மி.மீ. கம்பி, 8 மி.மீ. ரிங், 40 மி.மீ. கவர் (ரிங்குக்கு வெளியே அதை மூடும் கான்கிரீட்டின் கனம்) என்பது வரைபடம்.

முதலில் ரிங்கின் வெளி அளவைக் கணக்கிட வேண்டும். நான் சறுக்கிய இடம் இதுதான். 300-இல் 40-ஐ ஒரே முறை கழித்து, 260-க்கு ரிங் வளைக்கும் பலகையில் ஆணி அடித்துவிட்டேன். கம்பிக் கூட்டை நிறுத்திச் சென்ட்ரிங் பலகையை (கான்கிரீட் வார்க்கும் அச்சு) அடைத்தபோது, ஒரு பக்கம் கவர் பிளாக் (கவர் இடைவெளிக்கு வைக்கும் சிறு கட்டி) சரியாக நுழைய, எதிர்ப்பக்கத்தில் ரிங் பலகையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அத்தனை ரிங்கும் வீண். கவர் இரு பக்கமும் உண்டு என்பதால் 80-ஐக் கழித்து 220 என்றே எடுக்க வேண்டும். அதுவும் ரிங்கின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை.

அடுத்தது வெட்டு. இரு முனைக் கொக்கிகளும் வளைவுகளும் சேர்த்து ஒரு ரிங்குக்கு 1010 மி.மீ. எனக்குச் சரியாக இருந்தது. 12 மீட்டர் கம்பியில் 11 ரிங் கிடைக்கும். ஆனாலும் ஒன்றை வளைத்து அளந்து பார்த்த பிறகே மற்றவற்றை வெட்டுங்கள்.

முனைகளை 90 பாகையோடு நிறுத்தாமல் 135 பாகைக்கு உள்நோக்கி மடிக்க வேண்டும். நிலநடுக்கத்தில் கவர் உதிர்ந்தால் 90 பாகைக் கொக்கி விரிந்துகொள்ளும். உள்ளே கான்கிரீட்டில் புதைந்த கொக்கி எளிதில் விரியாது. வளைவுக்குப் பின் கம்பி விட்டத்தின் 6 மடங்கு, குறைந்தது 65 மி.மீ. நேராக நீள வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 13920:2016. 8 மி.மீ. கம்பிக்கு 6 மடங்கு 48 தான் என்பதால் 65-ஐயே பின்பற்றுங்கள்.

கட்டும்போது கொக்கி விழும் மூலையை ரிங்குக்கு ரிங் மாற்றிக்கொண்டே போங்கள். கட்டுக்கம்பியை முறுக்க, சுழலும் புதிய கருவிகளைவிடச் சாதாரண வளைந்த கொக்கியே என் கைக்கு ஒத்துவருகிறது, ஏனெனில் கம்பி அறுபடும் தறுவாயை விரல் உணர்ந்துவிடும். கவருக்கு ஜல்லித் துண்டைச் செருகுவதை நான் ஏற்பதில்லை. அது நழுவிவிடும், அளவும் நிற்காது.

பின்சேர்க்கை: 135 பாகைக்கு மடித்த ரிங், நிறுத்திய கம்பியைப் பக்கவாட்டில் சுற்றி நுழையவில்லை என்று பின்னூட்டத்தில் சிலர் எழுதியிருந்தார்கள். அது நுழையாது, மெயின் கம்பிகளின் மேல்முனை திறந்திருக்கும்போதே தேவையான ரிங்குகளை எண்ணி மேலிருந்து இறக்கி, கீழே அடுக்கி வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக உயர்த்திக் கட்டுங்கள்.