ஐஈஎல்டிஎஸ் லிசனிங்: ஒரே தடவை கேட்டு 40 பதில் எழுதத் தயாராவது எப்படி

வெளிநாட்டில் படிக்கவும் குடியேறவும் கேட்கப்படும் ஆங்கிலத் தேர்வான ஐஈஎல்டிஎஸ் எழுதப் போகிறவர்கள் ரைட்டிங்குக்கு மாதக்கணக்கில் உட்காருவார்கள். லிசனிங்கைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். "இங்கிலீஷ் படம் பார்த்தால் புரிகிறதே, அது போதும்" என்ற தைரியம்தான். படம் புரிவது வேறு. ஓடிக்கொண்டே இருக்கும் பேச்சிலிருந்து, கேள்வி கேட்கும் அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் பிடித்து, எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுவது வேறு. நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கும் 40-க்கு 28, 29 என்று நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 4 பகுதிகள், பகுதிக்கு 10 கேள்விகள், சுமார் 30 நிமிடம். ஒலிப்பதிவு ஒரே தடவைதான் ஓடும். அகாடமிக், ஜெனரல் ட்ரெயினிங் என்று தேர்வில் இரண்டு வகை உண்டு; இரண்டுக்கும் லிசனிங் ஒரே மாதிரிதான். தவறான பதிலுக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். அதனால் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. மதிப்பெண்ணை 9 வரை போகும் 'பேண்டு' என்ற அளவில் தருவார்கள். சுமாராக 23 சரியென்றால் 6 பேண்டு, 30 சரியென்றால் 7, 35 சரியென்றால் 8. கனடாவுக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்ற முறையில் போக நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கனடாவின் மொழித்திறன் அளவுகோலான சிஎல்பியில் 9 என்ற நிலைக்கு ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7 இருந்தால் போதும். லிசனிங்கில் மட்டும் 8 வேண்டும். அதாவது ஐந்து தவறுக்கு மேல் இடமில்லை. கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கிற பகுதியா இது?

நான்கு பகுதியும் நான்கு விதம்

முதல் பகுதி இரண்டு பேர் பேசுவது: வீடு வாடகைக்குக் கேட்பது, வகுப்பில் சேருவது, வண்டி பதிவு செய்வது போன்றவை. பெயர், தேதி, தொலைபேசி எண், முகவரி, விலை ஆகியவற்றைத்தான் அதிகமும் கேட்பார்கள். இரண்டாவதில் ஒருவர் மட்டும் பேசுவார். பூங்காவையோ அருங்காட்சியகத்தையோ சுற்றிக்காட்டும் பேச்சாக இருக்கும், வரைபடம் வரலாம். மூன்றாவதில் மாணவர்கள் தங்களுக்குள்ளோ ஆசிரியருடனோ ஒரு ப்ராஜெக்டைப் பற்றி விவாதிப்பார்கள். நான்காவது கல்லூரி விரிவுரை. முதல் மூன்றிலும் நடுவில் ஒரு இடைவெளி கொடுத்து அடுத்த கேள்விகளைப் படிக்க விடுவார்கள். நான்காவதில் அந்த இடைவெளி கிடையாது. தொடங்குமுன் 31 முதல் 40 வரை பத்துக் கேள்விகளையும் ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டும்.

பதில்கள் பெரும்பாலும் கேள்வி வரிசையிலேயே வரும். இதை நம்புங்கள். 14-க்கான பதில் காதில் விழுந்துவிட்டது, 13 இன்னும் காலி என்றால், 13 போய்விட்டது என்று பொருள். அதை நினைத்துக்கொண்டே நின்றால் 15-ம் 16-ம் கூடவே போகும். ஒரு மார்க்கைத் துரத்தி மூன்றை இழப்பதுதான் இந்தத் தேர்வில் மிகச் சாதாரணமாக நடக்கும் விபத்து. ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கடைசியில் ஊகித்து எழுதிக்கொள்ளலாம்.

கேட்பதற்கு முன்பே பாதி வேலை

கேள்வியைப் படிக்கக் கொடுக்கும் நேரத்தில் இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, காலி இடத்தில் என்ன வகைச் சொல் வரும் என்று யோசிப்பது: எண்ணா, ஊர்ப் பெயரா, பொருளா, ஒருமையா பன்மையா. காலி இடத்துக்கு முன்னால் 'எ' என்றோ 'ஆன்' என்றோ இருந்தால் ஒருமைதான் வரும். முன்னால் 'மெனி' இருந்தால் கடைசியில் எஸ் இல்லாமல் எழுதக் கூடாது. இரண்டு, சொல் வரம்பு. 'ஒன் வேர்ட் ஒன்லி' என்று போட்டிருக்கும் இடத்தில் 'த கார்டன்' என்று எழுதினால் அது இரண்டு சொல், மார்க் கிடையாது. தாளில் ஏற்கெனவே அச்சிட்டிருக்கும் சொல்லைத் திரும்ப எழுதி வரம்பைத் தாண்டுகிறவர்களும் உண்டு.

அடுத்தது தூண்டில். ஒலிப்பதிவில் முதலில் வரும் எண்ணோ கிழமையோ பல சமயம் பதிலாக இருக்காது. இப்படி வரும்: "வீ வேர் ப்ளானிங் டு கம் ஆன் த ஃபோர்ட்டீன்த், பட் மை சிஸ்டர் காண்ட் கெட் லீவ், ஸோ லெட்ஸ் மேக் இட் த சிக்ஸ்டீன்த்." 14 என்று கேட்டவுடன் எழுதி முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவியவர், 16-ஐக் கவனித்திருக்கவே மாட்டார். பட், ஆக்சுவலி, ஓ நோ, இன்ஸ்டெட், இன் தட் கேஸ் என்ற சொற்கள் வந்தால் முன்னால் எழுதியது மாறப் போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பேசுகிறவர் அந்த விஷயத்தை விட்டு நகரும் வரை பென்சில் அந்த வரியிலேயே இருக்கட்டும்.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில், ஒலிப்பதிவில் வந்த அதே சொல் எந்த விடையில் அச்சாகியிருக்கிறதோ அதைச் சந்தேகியுங்கள். சரியான விடை பெரும்பாலும் வேறு சொற்களில் இருக்கும். 'சீப்' என்று தாளில் இருந்தால் பேச்சில் 'இட் டிடன்ட் காஸ்ட் மச்' என்று வரும். மூன்றாம் பகுதியில் கருத்து யாருடையது என்பதும் முக்கியம். 'ஐம் நாட் ஸோ ஷூர்' என்றால் மரியாதையாக மறுக்கிறார். 'ஐ சப்போஸ் ஸோ' என்றால் அரைமனதாக ஒப்புக்கொள்கிறார்.

வரைபடம் வந்தால் 'யூ ஆர் ஹியர்' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, பேசுகிறவரோடு நடந்து போங்கள். லெஃப்ட், ரைட் எல்லாம் நடக்கிறவரின் இடது, வலது. வரைபடத்தில் கீழ்நோக்கி நடக்கும்போது அவருடைய இடது உங்களுக்கு வலப்பக்கம் தெரியும்.

தமிழ்க் காது தடுக்கும் இடங்கள்

'பம்பரம்' என்ற சொல்லில் முதல் பகரமும் இரண்டாவது பகரமும் ஒரே ஒலி இல்லை. நமக்கு அது ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் தமிழில் அந்த வித்தியாசத்தால் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் மாறும். அதனால்தான் ஒருவர் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது பி-யில் எந்தப் பி, டி-யில் எந்த டி என்று தடுமாறுகிறோம். பாருங்கள், தமிழில் எழுதினாலும் அவை ஒரே மாதிரிதான் நிற்கின்றன. உயிரெழுத்திலும் ஒரு குழப்பம் உண்டு. 'ஈ' என்று காதில் விழுந்ததும் கை தானாக ஐ எழுத்தை எழுதிவிடும், நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் அப்படி எழுதிப் பழகியிருப்பதால். ஜி-யும் ஜே-யும் அடுத்த ஜோடி. இதற்கு மருந்து ஒன்றுதான்: வீட்டில் யாரையாவது விட்டு, தினம் பத்து ஆங்கிலப் பெயர்களை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி, நீங்கள் எழுதுங்கள். 'டபுள் எல்' என்றால் இரண்டு எல். தொலைபேசி எண்ணில் 'ஓ' என்றால் பூஜ்யம், 'ட்ரிபிள் டூ' என்றால் 222.

தர்ட்டீன், தர்ட்டி குழப்பத்துக்கு, முடிவில் 'ன்' கேட்கிறதா என்று பாருங்கள். அழுத்தத்தை மட்டும் நம்பினால் ஏமாறலாம். 'தர்ட்டீன் ஸ்டூடன்ட்ஸ்' என்று அடுத்த சொல் ஒட்டி வரும்போது அழுத்தம் முன்னால் போய்விடும். நேரத்தில் ஒரு பொறி இருக்கிறது. பிரிட்டிஷ்காரர் 'ஹாஃப் செவன்' என்றால் 7:30. ஆறரை இல்லை.

உச்சரிப்பு ஒரே நாட்டுடையதாக இருக்காது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா, கனடா என்று கலந்து வரும். ஆஸ்திரேலியரின் 'டே' நம் காதுக்கு 'டை' போலவும், 'ஏ' என்ற எழுத்து 'ஐ' போலவும் விழும். பெயரை எழுத்துக்கூட்டும்போது இது ஆளைக் கவிழ்த்துவிடும். நியூசிலாந்தில் 'பென்' கிட்டத்தட்ட 'பின்'. பிரிட்டிஷ் பேச்சில் பெரும்பாலும் 'கார்', 'பார்க்' ஆகியவற்றில் ஆர் ஒலிக்காது, 'கா', 'பாக்' என்றுதான் வரும். அமெரிக்கர்களின் 'வாட்டர்' நம் காதுக்கு 'வாடர்'. பயிற்சிக்கு பிபிசி வானொலியையும் ஆஸ்திரேலியாவின் ஏபிசி வானொலியையும் மாற்றி மாற்றிக் கேட்பது போதுமானது. செய்தி வாசிப்பைவிடப் பேட்டிகளே நல்லவை. தேர்வில் வருவதும் பேச்சுதான்.

ஆறு வாரம், தினம் 45 நிமிடம்

தினமும் ஒரு முழு மாதிரித் தேர்வு எழுதித் தள்ளுவது நேர விரயம். அது மார்க்கை அளக்கும், கூட்டாது. வாரத்துக்கு ஒன்று, கடைசி இரண்டு வாரங்களில் இரண்டு போதும். தேர்வை நடத்துகிறவர்களே வெளியிடும் மாதிரித் தாள்களை மட்டும் எடுங்கள். இணையத்தில் சுற்றும் மற்ற பதிவுகள் பலவற்றில் பேச்சு செயற்கையாகவும் தூண்டில் கோணலாகவும் இருக்கும்.

ஒரு தாளை நான்கு நாள் பிழிய வேண்டும். முதல் நாள், நிறுத்தாமல் முழுத் தேர்வு. இரண்டாம் நாள், தவறான கேள்விகளுக்குரிய பகுதியை மட்டும், எழுத்து வடிவத்தைப் பார்க்காமல் இன்னும் இரண்டு தடவை கேளுங்கள். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒத்துப் பாருங்கள். எங்கே கோட்டைவிட்டோம் என்பது அங்கே தெரியும். மூன்றாம் நாள், நான்காம் பகுதியிலிருந்து ஒன்றரை நிமிடத்தை எடுத்து, வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, கேட்டதை அப்படியே எழுதுங்கள். பெரும்பாலும் விட்டிருப்பது பெரிய சொற்களை அல்ல. ஆஃப், டு, ஹேவ், கடைசி எஸ், கடைசி ஈடி ஆகியவற்றைத்தான். நான்காம் நாள் அதே பகுதியைப் பேசுகிறவரின் பின்னாலேயே, அரை நொடி தள்ளி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நம் வாயில் வராத ஒலி காதிலும் நிற்காது. மீதி நாட்களுக்கு எழுத்துக்கூட்டலும் வானொலியும். சப்டைட்டிலோடு படம் பார்ப்பதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்; அது வாசிப்புப் பயிற்சி.

ஒரு நோட்டு வைத்து, ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: காதில் விழவில்லை, தூண்டிலில் சிக்கியது, எழுத்துப் பிழை, பன்மை விட்டது, வரம்பு மீறியது, இடம் தவறியது. மூன்று தேர்வுகள் முடிந்ததும் எந்தக் காரணம் அதிகம் என்று எண்ணினால், அடுத்த வாரம் எதில் உட்கார வேண்டும் என்று தெரிந்துவிடும். எழுத்துப் பிழைதான் அதிகம் என்றால் சந்தோஷப்படுங்கள், அதுதான் சீக்கிரம் சரியாகும். அக்காமடேஷனில் இரண்டு சி, இரண்டு எம். நெசசரியில் ஒரு சி, இரண்டு எஸ். கவர்ன்மென்ட், என்விரான்மென்ட் இரண்டிலும் எம்முக்கு முன்னால் ஒரு என் ஒளிந்திருக்கும். ஃபெப்ரவரியில் பி-க்கு அடுத்த ஆர் பலருக்கு விட்டுப்போகும். பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துமுறை இரண்டையும் ஏற்பார்கள். எல்லாவற்றையும் பெரிய எழுத்திலேயே எழுதலாம். எந்த இடத்தில் பெரிய எழுத்து வரும் என்ற கவலை மிச்சம்.

தேர்வு அறையில்

பேப்பர் தேர்வு என்றால் கேட்டு முடிந்தபின் பதில்களை விடைத்தாளுக்கு மாற்ற 10 நிமிடம் தருவார்கள். காலியாக விட்ட ஒரு கேள்வியைக் கவனிக்காமல் எழுதிக்கொண்டே போனால் அதற்குப் பிறகு எல்லாம் ஒரு வரி மேலே ஏறிவிடும்; 10, 20, 30 ஆகிய எண்களில் நிறுத்திச் சரிபாருங்கள். கம்ப்யூட்டர் தேர்வில் அந்த 10 நிமிடம் கிடையாது. சரிபார்க்க 2 நிமிடம்தான். அதனால் கேட்கும்போதே தட்டச்சு செய்து பழக வேண்டும், வீட்டுப் பயிற்சியும் கீபோர்டிலேயே இருக்கட்டும். ஹெட்போனின் சத்தத்தைத் தொடக்கத்தில் சோதிக்கும் நேரத்திலேயே சரிசெய்துவிடுங்கள். ஒரு காதில் கேட்கவில்லை என்றால் அப்போதே கையை உயர்த்துங்கள், பாதியில் இல்லை.

மற்ற மூன்றும் கிடைத்து லிசனிங் மட்டும் அரை பேண்டு குறைந்துபோனால், கம்ப்யூட்டரில் எழுதியவர்களுக்கு ஒன் ஸ்கில் ரீடேக் என்ற வழி இருக்கிறது. முதல் தேர்வு நடந்த 60 நாட்களுக்குள் அந்த ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம். எல்லாத் தேர்வு மையங்களிலும் இந்த வசதி இருக்காது; எல்லாப் பல்கலைக்கழகங்களும் குடியேற்றத் துறைகளும் அந்த மதிப்பெண்ணை ஏற்பதும் இல்லை. பணம் கட்டுவதற்கு முன்னால், நீங்கள் விண்ணப்பிக்கும் இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.