வீட்டுக்குள் கன்று வளர்க்கத் தொடங்கும் வன்னிக்காரர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக்குள் வைத்த கன்றுகளில் காய்ந்து செத்தவற்றைவிட அழுகிச் செத்தவைதான் அதிகம். "நாள் தவறாமல் தண்ணி விடுறன், அப்பவும் வாடுது" என்பார்கள். நாள் தவறாமல் விடுவதுதான் வினை. வேருக்கும் காற்று வேண்டும். மண் எந்நேரமும் ஈரமாகவே நின்றால் வேர் மூச்சுமுட்டி அழுகிவிடும். அழுகிய வேரால் நீரை இழுக்க முடியாது, அதனால் இலை தொங்கும். அதைப் பார்த்ததும் இரக்கப்பட்டு இன்னொரு செம்பு ஊற்றுகிறோம்.

சந்தேகம் வந்தால் சாடியைச் சரித்து, கன்றை மண்ணோடு மெதுவாக வெளியே எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, விரலுக்கு உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பு நிறம். இழுத்தால் தோல் கழன்று கையோடு வரும், உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சும். நாற்றமும் காட்டிக்கொடுக்கும். அந்த வேர்களை வெட்டி எறிந்துவிட்டுப் புது மண்ணில் நட்டால் பல கன்றுகள் பிழைத்துக்கொள்ளும்.

"இரண்டு நாளுக்கு ஒருமுறை" என்று இணையத்தில் சொல்லும் கணக்கு வன்னிக்குச் சரிவராது. ஐப்பசி தொடங்கித் தை வரை மாரி. காற்றே ஈரமாக இருக்கும், ஒரு கிழமை போனாலும் சாடி காயாது. சோழகம் அடிக்கும் வைகாசி, ஆனி, ஆடியில் காலையில் விட்ட நீர் பின்னேரமே போய்விடும். ஆகவே நாட்காட்டியை விட்டுவிட்டு, விரலை இரண்டாவது மூட்டு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மண் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். பாம்புச்செடிக்கு இன்னும் பொறுமை வேண்டும். அது நம் பற்றைக்காட்டு மருளின் இனம். முழுக்கக் காய்ந்த பிறகு விட்டால் போதும்.

அடுத்தது மண். முற்றத்துச் செம்மண்ணை அள்ளி அப்படியே சாடியில் நிரப்பாதீர்கள். நனைந்தால் இறுகி, காய்ந்தால் கல்லாகும். காய்ந்த கட்டி சுருங்கிச் சாடியின் சுவரை விட்டு விலகும். ஊற்றிய நீர் அந்த வெடிப்பு வழியே அடியால் ஓடிவிடும், நடுவே வேர் காய்ந்தே கிடக்கும். ஒரு பங்கு மண், ஒரு பங்கு ஆற்றுமணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய எரு, கொஞ்சம் தும்புத்தூள் என்று கலந்தால் நல்லது. முல்லைத்தீவுப் பக்கத்தவர்கள் கடற்கரை மணலை எடுக்க வேண்டாம், உப்பு வேரைச் சுடும். சாடியின் அடியில் கல் அடுக்கினால் நீர் வடியும் என்பது பலகால நம்பிக்கை. உண்மையில் கல்லுக்கு மேலே உள்ள மண்ணில்தான் ஈரம் தேங்கி நிற்கும். ஓட்டை இருப்பதுதான் முக்கியம். பெயின்ற் வாளியில் நட்டால் காய்ச்சிய கம்பியால் நாலைந்து ஓட்டை போடுங்கள்.

அழகைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. நுவரெலியாவின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 16 பாகை, வவுனியாவில் 28 அளவில். அந்தக் குளிரில் வளர்ந்த பெகோனியா நம் தகரக் கூரைக்குக் கீழே எத்தனை நாள் நிற்கும்? தொடங்குபவருக்கு மணிப்பிளான்ட், பாம்புச்செடி, குரோட்டன் போதும். குரோட்டனுக்கு மட்டும் நல்ல வெளிச்சம் வேண்டும், இல்லாவிட்டால் இலையின் நிறம் மங்கும். இருட்டு அறை மூலையைவிட விறாந்தையின் கிழக்குப் பக்கம் எதற்கும் நல்லது. டிபன்பாக்கியா வைப்பவர்கள் குழந்தைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் எட்டாமல் வையுங்கள், கடித்தால் வாய் எரிந்து வீங்கும்.

பசளை விஷயத்தில் அவசரம் வேண்டாம். வயலுக்கு வாங்கிய யூரியாவில் ஒரு பிடி சின்னச் சாடிக்குப் போட்டால் வேர் கருகிவிடும். பச்சைச் சாணமும் அப்படித்தான்.

சாடிக்குக் கீழே வைக்கும் தட்டையும், மணிப்பிளான்ட் வைத்த போத்தலையும் மறந்துவிடாதீர்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு ஒரு கிழமை அளவுதான் பிடிக்கும். தேங்கிய நீரை வெளியே கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கிழமைக்கு ஒருதரமாவது உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

முதல் கன்றைக் காசு கொடுத்து வாங்கவும் தேவையில்லை. அயல் வீட்டில் மணிப்பிளான்ட் கொடியில் ஒரு துண்டு கேளுங்கள், ஒரு கணுவாவது இருக்கும்படி வெட்டித் தரச் சொல்லுங்கள். கணு இல்லாத வெறும் இலையை நீரில் வைத்தால் வேர் வரலாம், கொடி வராது.