புது ஊர்ல கலந்து பழகணும், ஆனா நம்ம அடையாளமும் போகக்கூடாதுன்னா என்ன பண்ணலாம்

புது நாட்டுக்குப் போய் செட்டில் ஆகறவங்ககிட்ட நான் முதல்ல சொல்றது, கத்துக்கறது வேற விட்டுடறது வேற, இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டு குழப்பிக்கறதுலதான் பாதி வலியே வருது. அந்த ஊர் பாஷை, சட்டம், ஆபீஸ்ல பேசற விதம் எல்லாத்தையும் தயங்காம கத்துக்கங்க. அதுக்காக வீட்டு பாஷைய மூட்டை கட்டி வைக்கணும்னு அவசியமே இல்ல.

ஜான் பெர்ரின்னு கனடாவுல ஒரு உளவியல் அறிஞர், இதுல நாலு வழி இருக்குன்னு பிரிச்சு சொன்னார். நம்ம பழக்கம், புது ஊர் பழக்கம் ரெண்டையும் வெச்சுக்கறது, பழச விட்டு புதுசுல கரைஞ்சுடறது, புதுச தொடாம ஒதுங்கிடறது, ரெண்டுலயும் ஒட்டாம நிக்கறது. ரெண்டையும் வெச்சுக்கறவங்கதான் பெரும்பாலும் மனசளவுல நல்லா இருக்காங்கன்னு அவரோட ஆய்வுகள் காட்டுது. ஆனா அந்த சமூகமும் இடம் குடுத்தாதான் அது நடக்கும்னும் அவரே சொல்றார், அதனால ஒட்ட முடியலன்னா தப்பு பூரா உங்க மேலதான்னு நினைச்சு உடைஞ்சு போயிடாதீங்க.

யாராவது எதையாவது மாத்திக்கச் சொன்னா, இது மாறலன்னா வேலை நடக்காதா, இல்ல அவங்களுக்கு இது பழக்கமில்லயா, அத மட்டும் பாருங்க. முதல் ரகம்னா மாத்திக்கங்க. ரெண்டாவதுன்னா அவங்க பழகிக்கட்டும்.

பேர் விஷயம் முதல் நாளே முடிச்சுடணும். மெதுவா சொல்லுங்க, தப்பா கூப்பிட்டா சிரிச்ச முகமா ரெண்டு மூணு தடவை திருத்துங்க. நான் அத செய்யாம விட்டு, அவங்க வெட்டிச் சுருக்கின பேருக்கே மூணு வருஷம் திரும்பிப் பாத்துட்டு இருந்தேன், அப்புறம் திருத்த வாயே வரல.

கஷ்டமான இடம் குழந்தைங்கதான். ஸ்கூல்ல இருந்து வந்து, ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி அந்த பாஷை பேசாதம்மான்னு சொல்லும் பாருங்க, நெஞ்சு அப்படியே நின்னுடும். அப்போ திட்டாதீங்க. அது அந்த பாஷைய வெறுக்கல, கூட்டத்துல தனியா தெரிய பயப்படுது. குழந்தை எந்த பாஷைல பதில் சொன்னாலும் நீங்க வீட்டு பாஷைலயே தொடர்ந்து பேசுங்க, உச்சரிப்ப கிண்டல் பண்ணாதீங்க, அதே வயசு சொந்தக்கார பசங்களோட வீடியோ கால்ல விளையாட விடுங்க, ஏன்னா பெரியவங்க மட்டும் பேசற பாஷைன்னா குழந்தைக்கு அது வீட்டுப்பாடம் மாதிரி ஆயிடும். ரெண்டு பாஷை பேசினா குழந்தை குழம்பிடும்ங்கறது தப்பு, சின்ன வயசுல கலந்து பேசறது சகஜம்தான்.

ஸ்கூல்ல வீட்டு பாஷை கூடாதுன்னு தடுத்தா தைரியமா போய் பேசுங்க. 1989ல வந்த ஐநா குழந்தைகள் உரிமை உடன்படிக்கையோட 30வது பிரிவு, சிறுபான்மை, பூர்வகுடி குழந்தைங்க தங்களோட பாஷைய பேசறத தடுக்கக்கூடாதுன்னு சொல்லுது. கனடாவுல பூர்வகுடி குழந்தைங்கள குடும்பத்துல இருந்து பிரிச்சு, தாய்மொழி பேசினா தண்டிச்ச விடுதிப் பள்ளிகள் 1990கள் வரைக்கும் இருந்துச்சு, 2008லதான் அரசாங்கம் மன்னிப்பு கேட்டுச்சு. அதனால இத சின்ன விஷயம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க.

ஏற்கனவே விட்டுப்போச்சுன்னாலும் பரவாயில்ல. நியூசிலாந்தோட பூர்வகுடிகளான மாவோரி மக்கள் 1982ல பெரியவங்கள சின்னக் குழந்தைங்களோட உக்கார வெச்சு, மாவோரிலயே பேசிப் பழக்கற பாலர் பள்ளி ஆரம்பிச்சு, தேஞ்சுட்டு இருந்த மொழிய திரும்ப எடுத்தாங்க. நீங்க இன்னைக்கு ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டு பத்து நிமிஷம் வீட்டு பாஷைல மட்டும் பேசுங்க, நடுவுல ஒரு வார்த்தை வரலன்னா அது என்னன்னு அவங்ககிட்டயே கேளுங்க.