பாப் இசையின் வெற்றிப் பாடல்களைத் திரும்பிப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் ஆண்டு முடியும்போதும் ஒரு பத்தாண்டு நிறையும்போதும், அந்தக் காலத்தில் மக்கள் அதிகம் கேட்ட பாப் பாடல்களைத் தொகுத்து எழுதும் ஆர்வம் இசை ரசிகர்கள் பலருக்கு உண்டு. இத்தகைய தொகுப்புகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் பிழைகளில் பெரும்பாலானவை, தரவரிசைப் பட்டியல் மக்களின் விருப்பத்தை உள்ளபடியே காட்டுகிறது என்ற நம்பிக்கையில் தொடங்குகின்றன. தரவரிசை என்பது ஒரு கணக்கு. எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எந்த நாள் தொடங்கி எந்த நாள் வரை எண்ணுவது என்பதையெல்லாம் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவுகள் பலமுறை மாறியும் இருக்கின்றன. அந்த மாற்றங்களைக் கவனிக்காமல் எழுதப்படும் எந்தத் தொகுப்பும், இசையின் வரலாற்றுக்குப் பதிலாகக் கணக்கெடுப்பின் வரலாற்றையே சொல்லிக்கொண்டிருக்கும்.

பிரிட்டனில் முதல் தரவரிசை 1952 நவம்பரில் வெளிவந்தது. நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ் இதழ் சில இசைத்தட்டுக் கடைகளைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டு அதைத் தயாரித்தது. அமெரிக்காவின் பில்போர்டு இதழ் 1958 ஆகஸ்டில், வாரந்தோறும் முன்னணி நூறு பாடல்களை வரிசைப்படுத்தும் ‘ஹாட் 100’ பட்டியலைத் தொடங்கியது. பல ஆண்டுகள் வரை, கடைக்காரர்கள் நினைவிலிருந்தும் குறிப்பிலிருந்தும் சொன்ன தகவலும், வானொலி நிலையங்கள் அனுப்பிய பட்டியலுமே இவற்றுக்கு அடிப்படை. 1991ஆம் ஆண்டு மே மாதத்தில் பில்போர்டு தன் ஆல்பம் பட்டியலுக்கு, கடைகளில் பார்கோடு மூலம் பதிவாகும் உண்மையான விற்பனை எண்ணிக்கையைப் பயன்படுத்தத் தொடங்கியது. சில வாரங்களிலேயே ராப் குழுவான என்.டபிள்யூ.ஏ.யின் ஆல்பம் முதலிடத்துக்கு வந்தது. செப்டம்பரில் கார்த் புரூக்ஸ் பாடிய, அமெரிக்கக் கிராமியப் பாணியான கன்ட்ரி இசை ஆல்பம் வெளியான வாரமே முதலிடத்தில் நுழைந்தது. அந்த ஆண்டில் அமெரிக்கர்களின் ரசனை திடீரெனத் திரும்பிவிட்டது என்று எழுதுவது எளிது, ஆனால் அது சரியல்ல. ராப் இசையையும் கன்ட்ரி இசையையும் வாங்கியவர்கள் முன்பும் இருந்தார்கள். அவர்கள் வாங்கியதைக் கடைக்காரரின் மதிப்பீடு குறைத்துக் காட்டியது, பார்கோடு குறைக்காமல் காட்டியது. ஒரு பட்டியலில் திடீர்த் திருப்பம் தெரிந்தால், ரசனையைப் பற்றி எழுதுவதற்கு முன் அந்த மாதத்தில் விதி ஏதும் மாறியதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

இதனோடு நெருங்கிய இன்னொரு தவறு, பட்டியலில் இல்லாத பாடலை வெற்றி பெறாத பாடல் என்று கருதிவிடுவது. என் கணிப்பில் மிக அதிகமாகச் சேதம் விளைவிப்பது இதுதான், ஏனெனில் பிழை நடந்ததற்கான அடையாளமே தொகுப்பில் தெரியாது. 1990களில் அமெரிக்க இசை நிறுவனங்கள், ரசிகர்கள் முழு ஆல்பத்தையும் வாங்க வேண்டும் என்பதற்காக, புகழ்பெற்ற பாடல்களை ‘சிங்கிள்’ எனப்படும் தனிப்பாடல் வெளியீடாக விற்காமல் வானொலிக்கு மட்டும் கொடுத்தன. கடையில் சிங்கிளாக விற்கப்படாத பாடல் ‘ஹாட் 100’ பட்டியலில் இடம்பெற முடியாது என்பது அன்றைய விதி. நோ டவுட் குழுவின் ‘டோன்ட் ஸ்பீக்’ வானொலி ஒலிபரப்புப் பட்டியலில் 16 வாரங்கள் முதலிடத்தில் இருந்தும், ‘ஹாட் 100’ பட்டியலில் ஒரு வாரம்கூட இடம்பெறாமல் போனது இதனால்தான். 1998 டிசம்பரில் அந்த விதி நீக்கப்பட்டபோது, நத்தாலி இம்ப்ரூலியா பாடிய ‘டார்ன்’ தன் உச்சத்தைக் கடந்துவிட்டிருந்தது. அதனால் அது 42ஆம் இடத்தையே தொட்டது. அந்த எண்ணை மட்டும் பார்ப்பவர், அந்த ஆண்டில் வானொலியைத் திருப்பிய இடமெல்லாம் ஒலித்த ஒரு பாடலைச் சுமாரான வெற்றி என்று எழுதிவிடுவார். 1990களைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘ஹாட் 100’ பட்டியலுடன் வானொலிப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் ஒரு வரியும் எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வெவ்வேறு காலத்துச் சாதனைகளை ஒரே அளவுகோலில் நிறுத்துவதும் பரவலாக நடக்கிறது. 1964 ஏப்ரல் 4 தேதியிட்ட ‘ஹாட் 100’ பட்டியலில் முதல் 5 இடங்களிலும் பீட்டில்ஸ் குழுவின் பாடல்களே இருந்தன. 2022 நவம்பர் 5 தேதியிட்ட பட்டியலில் முதல் 10 இடங்களையும் டெய்லர் ஸ்விஃப்ட் பிடித்தார். பத்து ஐந்தைவிடப் பெரியது என்று முடித்துவிட்டால், இரண்டு நிகழ்வுகளையுமே புரிந்துகொள்ளாமல் விட்டுவிடுகிறோம். பீட்டில்ஸின் அந்த ஐந்து பாடல்களும் வெவ்வேறு நிறுவனங்கள் வெளியிட்ட தனித்தனி சிங்கிள்கள்; ஒவ்வொன்றையும் ரசிகர் கடைக்குப் போய்த் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. ஸ்விஃப்ட்டின் பத்துப் பாடல்களும் ஒரே ஆல்பத்தைச் சேர்ந்தவை. ஸ்ட்ரீமிங் காலத்தில் ஆல்பத்தை முழுதாகக் கேட்கிற ஒவ்வொருவரும் அதிலுள்ள எல்லாப் பாடல்களுக்கும் ஒரே நேரத்தில் எண்ணிக்கை சேர்க்கிறார். ஸ்விஃப்ட்டின் வெற்றி இதனால் சிறிதாகிவிடவில்லை. அது வேறு வகையான வெற்றி, அவ்வளவே. பட்டியல் தயாரிப்பவர்களே இந்தச் சிக்கலை உணர்ந்திருக்கிறார்கள். 2017 மார்ச்சில் எட் ஷீரனின் புதிய ஆல்பம் வெளியானபோது பிரிட்டனின் முதல் 20 இடங்களில் 16 இடங்களை அவரே நிரப்பினார். அதே ஆண்டு ஜூலையில், ஒரு முதன்மைக் கலைஞரின் பாடல்களில் மூன்று மட்டுமே பட்டியலில் இடம்பெறலாம் என்று விதி மாற்றப்பட்டது. ஆகவே அதற்குப் பிந்தைய பிரிட்டன் பட்டியலைக் காட்டி, ஸ்விஃப்ட்டுக்கு அமெரிக்காவில் இருந்த செல்வாக்கு பிரிட்டனில் இல்லை என்று யாரேனும் வாதிட்டால், அந்த வாதம் விதியை மறந்துவிட்ட வாதமாகும்.

எட்டிய உச்ச இடத்தை மட்டும் பார்ப்பது இன்னொரு பழக்கம். தி வீக்கெண்டின் ‘பிளைண்டிங் லைட்ஸ்’ முதலிடத்தில் இருந்தது 4 வாரங்கள்தான்; ஆனால் ‘ஹாட் 100’ பட்டியலில் மொத்தம் 90 வாரங்கள் நீடித்தது. கிளாஸ் அனிமல்ஸ் குழுவின் ‘ஹீட் வேவ்ஸ்’ முதலிடத்தை எட்டவே 59 வாரங்கள் எடுத்துக்கொண்டது. டுவா லீபாவின் ‘லெவிடேட்டிங்’ எந்த வாரத்திலும் முதலிடம் பெறவில்லை. இருந்தும் 2021ஆம் ஆண்டுக்கான பில்போர்டின் ஆண்டு இறுதிப் பட்டியலில் அதுதான் முதல். ஆண்டு இறுதிப் பட்டியலிலும் ஒரு கண்ணி உண்டு: பில்போர்டின் கணக்கு ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை, அதற்குச் சில வாரங்கள் முன்பே மாறிவிடுகிறது. ஆண்டின் கடைசி மாதங்களில் பெருவெற்றி பெற்ற பாடலின் எண்ணிக்கை இரண்டு ஆண்டுகளுக்குப் பிரிந்துபோய், இரண்டிலுமே அதன் உண்மையான உயரம் தெரியாமல் போகலாம்.

எண்ணிக்கை எங்கே எடுக்கப்பட்டது என்பதும் அதே அளவு முக்கியம். தென்கொரியப் பாடகர் சையின் ‘கங்னம் ஸ்டைல்’ 2012 ஜூலையில் வெளியாகி, அந்த ஆண்டு டிசம்பர் 21 அன்று யூடியூபில் நூறு கோடி பார்வைகளைத் தொட்ட முதல் காணொலி ஆனது. ‘ஹாட் 100’ பட்டியலிலோ அது 7 வாரங்கள் இரண்டாம் இடத்திலேயே நின்றது, ஏனெனில் யூடியூப் பார்வைகள் அப்போது அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. 2013 பிப்ரவரியில் அவை சேர்க்கப்பட்ட முதல் வாரத்திலேயே ‘ஹார்லெம் ஷேக்’ நேராக முதலிடத்தில் நுழைந்தது. இடையில் இருந்த சில மாதங்களில் மாறியது விதி மட்டுமே. மறுபக்கத்தில், இன்றைய ஸ்ட்ரீமிங் எண்ணிக்கையைக் கொண்டு பழைய பாடல்களை அளப்பதும் நியாயமாகாது. யூடியூப் 2005இல் தொடங்கியது, ஸ்பாட்டிஃபை 2008இல் சேவைக்கு வந்தது. 1960களிலும் 1970களிலும் ஓர் இசைத்தட்டு வீட்டில் தேயத் தேயச் சுழன்றதை அவை எண்ணவே இல்லை. அந்த எண்கள் ஒரு பழைய பாடலின் இன்றைய ஆயுளைச் சொல்லும். அன்றைய புகழைச் சொல்லாது.

பழைய பாடல் ஒன்று மீண்டும் எழும்போது அதைப் புதிய கண்டுபிடிப்பாக எழுதிவிடுவது அடுத்த தவறு. கேட் புஷ்ஷின் ‘ரன்னிங் அப் தட் ஹில்’ 2022இல் ஒரு தொலைக்காட்சித் தொடரால் இளைஞர்களிடம் சென்றடைந்தபோது, மறக்கப்பட்டுக் கிடந்த பாடலை உலகம் மீட்டெடுத்தது என்று பலர் எழுதினார்கள். 1985இல் வெளியானபோதே அது பிரிட்டனில் மூன்றாம் இடத்தை எட்டிய பாடல். 2022 ஜூனில் அது அங்கே முதலிடம் பெற்றதற்குப் பின்னாலும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: பழைய பாடல்களின் ஸ்ட்ரீமிங்குக்குக் குறைந்த மதிப்பே தரும் ஏற்பாடு அந்நாட்டுப் பட்டியலில் இருந்தது, இந்தப் பாடலுக்கு அது தளர்த்தப்பட்டது. மரியா கேரியின் கிறிஸ்துமஸ் பாடல் 1994இல் வெளியாகி, 2019 டிசம்பரில்தான் ‘ஹாட் 100’ பட்டியலில் முதலிடம் கண்டது. அந்த 25 ஆண்டுகளில் பாடலின் மதிப்பு மெல்ல உயர்ந்தது என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். தொடக்கத்தில் அமெரிக்காவில் அது விற்பனை சிங்கிளாக வெளிவராததும், பின்னாளில் ஸ்ட்ரீமிங் கணக்கில் சேர்ந்ததும் மறுபாதி.

புகழ்பெற்ற பதிவையே மூலப் பதிவு என்று நினைத்துவிடுவது சிறிய தவறாகத் தோன்றலாம், ஆனால் அதனால் காணாமல் போகிறவர்கள் மனிதர்கள். விட்னி ஹூஸ்டன் 1992இல் பாடி 14 வாரங்கள் முதலிடத்தில் வைத்திருந்த ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ பாடலை டாலி பார்ட்டன் எழுதி 1974இலேயே வெளியிட்டிருந்தார். எல்விஸ் பிரெஸ்லியின் 1956 ‘ஹவுண்ட் டாக்’ பாடலுக்கு மூன்று ஆண்டுகள் முன்பே பிக் மாமா தோர்ன்டனின் பதிவு வெளிவந்திருந்தது. முன் சொன்ன ‘டார்ன்’ பாடலும் எட்னாஸ்வாப் குழு முன்பே பதிவு செய்திருந்ததே. எழுதியவர்களையும் தயாரித்தவர்களையும் குறிப்பிடாமல் விடுவதும் இதே வகைதான்: 1998இல் பிரிட்னி ஸ்பியர்ஸை அறிமுகப்படுத்திய பாடலிலும் ‘பிளைண்டிங் லைட்ஸ்’ பாடலிலும் மாக்ஸ் மார்ட்டின் என்ற ஒரே ஸ்வீடன் நாட்டவரின் கை இருக்கிறது என்று தெரிந்தால், இருபது ஆண்டு இடைவெளியில் இருக்கும் அவ்விரண்டையும் நாம் கேட்கும் விதமே மாறிவிடும்.

ஒரு நாட்டின் பட்டியலை உலகின் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில் பெரிதும் பாதிக்கப்பட்ட குழு ஸ்வீடனின் ஆபா. 1974இல் ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான யூரோவிஷன் பாடல் போட்டியில் வென்ற அவர்கள் பிரிட்டனில் 9 முறை முதலிடம் பெற்றார்கள். அமெரிக்காவில் ‘டான்சிங் குயின்’ மட்டுமே 1977இல் முதலிடத்தைத் தொட்டது. அமெரிக்கப் பட்டியலை மட்டும் வைத்து 1970களின் பாப் வரலாற்றை எழுதினால், அந்தப் பத்தாண்டின் மாபெரும் குழுக்களில் ஒன்று ஒரே ஒரு முதலிடப் பாடல் கொண்ட குழுவாகச் சுருங்கிவிடும். ஒரே நாட்டுக்குள்ளும் எல்லாரும் எண்ணப்படவில்லை. 1963 நவம்பர் இறுதி முதல் 1965 ஜனவரி வரை பில்போர்டு, கறுப்பின மக்களிடையே வளர்ந்த ரிதம் அண்ட் புளூஸ் இசைக்கான தன் பட்டியலை வெளியிடவே இல்லை. கறுப்பின ரசிகர்கள் எவற்றை விரும்பி வாங்கினார்கள் என்பதற்கு அந்த இதழில் தனிப் பதிவு இல்லாத காலம் அது. பில்போர்டின் போட்டி இதழான கேஷ் பாக்ஸின் பட்டியலைத் தேடிப் பார்க்காதவர்கள், அந்த ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்தை வெற்றிடம் என்றே எண்ணிவிடுவார்கள்.

பின்னாளில் உருவான கதைகளை அப்படியே ஏற்றுக்கொள்வதிலும் எச்சரிக்கை வேண்டும். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் பேஸ்பால் மைதானத்தில், 1970களின் நடன இசையான டிஸ்கோவின் இசைத்தட்டுகளைக் குவித்து வெடிக்கச் செய்தார்கள். அந்த இரவோடு டிஸ்கோ முடிந்தது என்று இன்றும் எழுதப்படுகிறது. அதற்கடுத்த மாதத்தில்தான் ஷீக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ என்ற டிஸ்கோ பாடல் ‘ஹாட் 100’ பட்டியலில் முதலிடம் பெற்றது. அதே பாடலின் பாஸ் கிட்டார் இசையின் மேல்தான் அந்த ஆண்டிலேயே ‘ராப்பர்ஸ் டிலைட்’ உருவாகி, ராப் இசையைப் பரந்த மக்களிடம் கொண்டு சென்றது. அந்த இரவுக்குப் பிறகு வானொலி நிலையங்கள் டிஸ்கோவை விட்டு விலகியது உண்மை; அந்த இசை அழிந்தது என்பது உண்மையல்ல. விமர்சகர்களின் பட்டியல்களும் நிலையானவை அல்ல: ரோலிங் ஸ்டோன் இதழின் 500 சிறந்த ஆல்பங்கள் வரிசையில் 2003இல் முதலிடத்தில் இருந்த பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ்’ 2020இல் 24ஆம் இடத்துக்கு இறங்கியது, மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ முதலிடத்துக்கு ஏறியது. இரண்டு ஆல்பங்களிலும் ஒரு சுரமும் மாறவில்லை, வாக்களித்தவர்கள் மாறினார்கள்.

கடைசியாக, எழுதி முடித்த தொகுப்பை வெளியிடுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு சரிபார்ப்பு இருக்கிறது; பலர் இதை விட்டுவிடுகிறார்கள். வாசகருக்கு நாம் கேட்கத் தரும் பதிவு, நாம் எழுதிய அதே பதிவுதானா என்று பார்க்க வேண்டும். 2017இல் உலகை ஆட்டிவைத்த ‘டெஸ்பாசிட்டோ’வுக்கு ஜனவரியில் வந்த மூலப் பதிவும் ஏப்ரலில் வந்த ஜஸ்டின் பீபரின் ரீமிக்ஸும் தனித்தனியே இருக்கின்றன; டெய்லர் ஸ்விஃப்ட் 2021 முதல் தன் பழைய ஆல்பங்கள் பலவற்றை மீண்டும் பாடிப் பதிவு செய்திருக்கிறார்; பழைய குழுக்களின் பாடல்களுக்கு ஸ்ட்ரீமிங் தளங்களில் ரீமாஸ்டர் செய்யப்பட்ட, அதாவது ஒலி மெருகேற்றப்பட்ட, வடிவமே பெரும்பாலும் முதலில் வருகிறது. 2008இல் வெளிவந்த பாடலைப் பற்றி எழுதிவிட்டு, 2021இல் முதிர்ந்த குரலில் பாடிய பதிவை இணைத்துவிட்டால், அன்றைய ரசிகர்கள் கேட்ட குரல் எது என்பதை வாசகர் தவறாகவே அறிந்துகொள்வார். பதிவின் ஆண்டையும் வெளியிட்ட நிறுவனத்தையும் பாடலின் பெயருக்குக் கீழே ஒரு வரியில் குறித்துவைத்தால் போதும், கேட்கிறவரே மூலப் பதிவைத் தேடி எடுத்துக்கொள்வார்.